மேல் இடது கட்டம்

பிரேபன் பெயருக்கு நேரே சிவப்பு வட்டம் ஒட்டிய மூன்றாவது வாரத்தில், எங்கள் பட்டறையில் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை என்றாகிவிட்டது. முன்பெல்லாம் காலையில் காபி இயந்திரத்தருகே கேலி ஓடும். இப்போது கோப்பையை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலை.

நாங்கள் ஜன்னல் கீல் செய்கிறவர்கள். மேற்கு ஜட்லாந்தில், கடல் காற்று கூரைத் தகட்டை ஓயாமல் தட்டுகிற இடத்தில் தொழிற்சாலை. காலை ஏழேகாலுக்குப் பகல் ஷிஃப்டு ஆட்கள் பதினோரு பேரும் பலகை முன்னால் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பது ட்ரோல்ஸின் எண்ணம். ட்ரோல்ஸ் எங்கள் உற்பத்தி மேலாளர். நாற்பது வயது ஆகவில்லை, சைக்கிளில் வருவான், யாரையும் அதட்ட மாட்டான். அதட்டாதவனிடம்தான் எனக்குப் பயம்.

பலகையில் விபத்து, கழிவு, தேதிக்கு அனுப்பியது, மெஷின் நின்ற நேரம் என்று வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எண்ணுக்குப் பக்கத்தில் பச்சை வட்டமோ சிவப்பு வட்டமோ, காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மெஷின் நின்ற நேரத்தைக் காரணம் பிரித்து, அதற்குப் பொறுப்பான ஆள் பெயரோடு போட ஆரம்பித்து மூன்று வாரம்தான். ட்ரோல்ஸ் அவற்றைச் செயல்திறன் குறியீடுகள் என்பான். நாங்கள் லைட்டு என்போம். "உன் லைட்டு என்ன நிறம்?" என்பது எங்களுக்குள் நலம் விசாரிப்பது மாதிரி.

"மூணாம் நம்பர் பிரஸ், பகல் ஷிஃப்டு," என்று அன்று காலை ட்ரோல்ஸ் பேனாவின் முனையால் எண்ணைத் தொட்டான். "சரக்கு வரலைன்னு நின்னது நாப்பத்தோரு நிமிஷம். சாயங்கால ஷிஃப்டுல ரெண்டே நிமிஷம். நான் யாரையும் குத்தம் சொல்லல. எண்ணு சொல்றதைச் சொல்றேன்."

"எண்ணுக்கு எப்பய்யா வாய் முளைச்சுது?" என்றான் பிரேபன்.

பிரேபன் பகலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கிடங்கிலிருந்து தகடுச் சுருள்களைத் தூக்கி வந்து ஒவ்வொரு பிரஸ் பக்கத்திலும் வைப்பது அவன் வேலை. ஐம்பத்திரண்டு வயது, பெரிய உடம்பு, அந்த உடம்புக்கு ஒவ்வாத மெல்லிய குரல்.

தகட்டை வெட்டி வளைக்கிற மூன்றாம் நம்பர் பிரஸில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவன் நான். அதனால் வாயைத் திறந்தேன்.

"பிரேபன் தாமதமா வர்றதில்ல. அங்க நிக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப திரை பொய் சொல்லுதுன்றியா, வெர்னர்?"

"சொல்லும். பெட்டிதானே அது."

சிலர் சிரித்தார்கள். ட்ரோல்ஸ் சிரிக்காமல் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு சிவப்பு வட்டத்தை இன்னும் நேராக நகர்த்தி வைத்தான்.

திரை என்றது இதைத்தான். பிரஸ் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் பக்கத்தில் இருக்கும் தொடுதிரை பூட்டிக்கொள்ளும். எட்டுக் கட்டங்கள் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு காரணம். ஏதாவது ஒன்றை அழுத்தாமல் பிரஸ் மறுபடி ஓடாது. அழுத்தியது நேராக ட்ரோல்ஸின் கணினிக்குப் போய் மறுநாள் பலகையில் எண்ணாகிவிடும்.

சாப்பாட்டு வேளையில் யூட்டே எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். யூட்டே எங்கள் சங்கப் பிரதிநிதி, பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கிறாள். கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"ட்ரோல்ஸ் மேஜையில ஒரு புத்தகம் பார்த்தேன். வழவழன்னு காகிதம். ஆளில்லாம தானா ஓடுற வண்டி. தரையில கோடு போட்டா போதுமாம்."

"எத்தனை வண்டி?" என்றான் பிரேபன்.

"ரெண்டு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முதலாளி வர்றாரு. அவர் முன்னால எண்ணை வெச்சு, பாருங்க இந்த ஆளால இத்தனை நிமிஷம் போகுதுன்னு காட்டுவான். அவர் தலையாட்டினா மாசக் கடைசியில உனக்குக் கடிதம்."

"அந்த வண்டி வெள்ளிக்கிழமை கம்பெனி குடுக்கிற பன்னு சாப்பிடாது," என்றான் பிரேபன். "முதுகு வலிக்குதுன்னு சொல்லாது. சங்கத்துக்குச் சந்தாவும் கட்டாது யூட்டே, அதை யோசிச்சுக்கோ."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஐம்பது தாண்டிய ஃபோர்க்லிஃப்ட்காரனை எவன் கூப்பிடுவான்?

"எண்ணை அவனே மாத்துறான்," என்றேன் நான். "வண்டி வாங்கணும்னு முதல்ல முடிவு. அப்புறம் அதுக்கேத்த எண்ணு."

இதைச் சொன்னவன் நான்தான். எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பிரேபனுக்கு அந்தப் பேச்சு பிடித்துக்கொண்டது. மறுநாளே சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். சுருளை இறக்கி வைத்த நேரத்தை எழுதுவான், என்னிடம் நீட்டுவான், சாட்சிக் கையெழுத்துக்கு. நானும் போட்டுக் கொடுப்பேன். எங்கள் மொழியில் என் பெயருக்கு ஆறு எழுத்து. அந்த ஆறும் எனக்கு எப்போதுமே தெரியும்.

மற்றவை தெரியாது. பதினான்கு வயதில் பள்ளியை விட்டபோது வாத்தியார்கள் என்னைச் சோம்பேறி என்று எழுதி அனுப்பினார்கள். என்ன எழுதியிருந்தது என்று அக்காதான் படித்துச் சொன்னாள். அதன் பிறகு நாற்பத்தைந்து வருஷம் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்து வந்தவனாகவே வாழ்ந்தேன். சாப்பாட்டு அறையில் செய்தித்தாளைப் பிரித்து, படத்துக்கு ஏற்றபடி நேரம் விட்டு, பக்கம் திருப்புவேன். அறிவிப்புப் பலகையில் ஏதாவது ஒட்டினால், "இதையெல்லாம் எவன் படிப்பான்?" என்பேன். யாராவது படித்துத் திட்டுவார்கள், விஷயம் தெரிந்துவிடும். இந்தச் செப்டம்பரில்தான் நகராட்சி வகுப்பில் சேர்ந்தேன், செவ்வாய்தோறும் மாலை. பட்டறையில் தோள்பட்டை வைத்தியம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

நோட்டுப் புத்தகம் வந்தும் சிவப்பு மாறவில்லை. பிரேபன் ஒவ்வொருவரையும் நிறுத்தி முறைக்க ஆரம்பித்தான். சாயங்கால ஷிஃப்டுக்காரன் சுருள்களை ஒளித்து வைக்கிறானோ என்று வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் கிடங்கில் நின்று பார்த்தான். யூட்டே அலுவலகப் பக்கம் போனால், திரும்பி வரும்போது அவள் முகத்தைப் படித்தான். என் மேல் மட்டும் சந்தேகம் இல்லை. தனக்காகப் பேசுகிற ஒரே ஆள் வெர்னர் என்று எல்லோரிடமும் சொன்னான்.

மறுவாரம் புதன்கிழமை பத்து மணி இருக்கும். மூன்றாம் நம்பர் கிழட்டு பிரஸ். தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை டை என்போம்; அதைத் தாங்கும் ஆப்பு நாளைக்கு ஆறேழு முறை தளரும். நிறுத்தி, சுத்தியலால் தட்டி, அளவு பார்த்து மறுபடி ஓட்ட வேண்டும். அன்றும் தளர்ந்தது. தட்டினேன். ஐந்து நிமிடம் ஆனது. திரை பூட்டிக்கொண்டு எட்டுக் கட்டங்களைக் காட்டியது. கை வழக்கம்போல மேல் இடது கட்டத்துக்குப் போனது. திரை வைத்த வருஷம் எனக்குச் சொல்லித் தந்தவன், "டைன்னா மேல இடது, சுத்தம்னா அதுக்குக் கீழ, ஒண்ணும் தெரியலைன்னா கடைசி," என்று சொல்லியிருந்தான். அதிலிருந்து கைக்கே தெரியும். நான் அந்தப் பக்கம் பார்ப்பதுகூட இல்லை.

அன்று பார்த்தேன். படிக்க வேண்டும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. வகுப்பில் சேர்ந்ததிலிருந்து கண் தானாகவே எதையாவது எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்: பால் டப்பா, லாரியின் பின்பக்கம், சாலைப் பலகை. விரல் கண்ணாடியைத் தொடுவதற்கு ஒரு நகம் இடைவெளி இருக்கும்போது எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து சொல்லாகிவிட்டன.

சரக்கு வரவில்லை.

தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்து மறுபடி படித்தேன். மூன்றாம் முறை விரலால் ஒவ்வொரு எழுத்தாக மூடித் திறந்து படித்தேன். டை என்ற சொல் கீழே, வலது பக்கம் இரண்டாவது கட்டத்தில் இருந்தது. ஆகஸ்டில், விடுமுறை முடிந்து வந்தபோது, திரையைப் புதுப்பித்திருக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சாப்பாட்டு அறையில் ஒரு காகிதமும் ஒட்டினார்கள். "இதையெல்லாம் எவன் படிப்பான்?" என்று நான் கேட்டிருப்பேன். அன்று யாரும் படித்துத் திட்டவில்லை போலிருக்கிறது.

ஆகஸ்டிலிருந்து நாளைக்கு ஆறேழு முறை பிரேபன் சரக்கு கொண்டுவரவில்லை என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தது என் விரல்.

டை கட்டத்தை அழுத்தினேன். பிரஸ் ஓடியது. நான் என்னை நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இனிமேல் சரியாக அழுத்தினால் போதும். எண் இறங்கும், வட்டம் பச்சையாகும், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அன்று மீதி நேரமெல்லாம் ஒவ்வொரு கட்டத்தையும் படித்து அழுத்தினேன். பிரேபன் நோட்டை நீட்டியபோது அவன் முகத்தைப் பார்க்காமல் ஆறு எழுத்தையும் போட்டேன்.

வியாழக்கிழமை காலை பலகையில் நாற்பத்தோரு நிமிடம் பதினொன்றாகியிருந்தது.

ட்ரோல்ஸுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "பாருங்க," என்றான். "ஒரே நாள்ல. அளக்காம இருந்தா இது நடந்திருக்குமா? கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சதும் மனுஷன் சுறுசுறுப்பாயிடறான். தப்பு சொல்லல, அது இயல்பு." பச்சை வட்டத்தைக் கையில் எடுத்தவன், ஒட்டாமல் பிரேபனைப் பார்த்தான். "ஆனா, இத்தனை நாளும் இது உன்னால முடிஞ்சிருக்கு. நாளைக்கு முதலாளிகிட்ட நான் இதையும்தான் சொல்லணும்."

பிரேபனின் காது சிவந்தது. "நான் நேத்தும் அப்படித்தான் ஓட்டினேன்," என்றான் மெல்லிய குரலில். "முந்தாநாள் எப்படியோ, அப்படியேதான்."

பின்வரிசையில் ஒருத்தன் தொண்டையைச் செருமினான். நேற்றுவரை பிரேபன் பக்கம் நின்றவர்கள், அவன் இத்தனை நாளும் சும்மா ஓட்டினானோ என்று அவனை மேலும் கீழும் பார்ப்பதை நானே பார்த்தேன். யூட்டேகூட தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நான்தான்," என்றேன்.

"எது?" என்றான் ட்ரோல்ஸ்.

"அந்த நாப்பத்தோரு நிமிஷம். டை தளர்ந்தப்பல்லாம் மேல இடது கட்டத்தை அழுத்தினேன். முன்னால அது டைக்கு. ஆகஸ்டுல மாத்தியிருக்கீங்க. நேத்துதான் பார்த்தேன்."

யூட்டே காலணியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"மூணு மாசமா?" என்றாள் யூட்டே. "வெர்னர், முஷ்டி அளவு எழுத்துல போட்டிருக்கே."

"நான் படிக்கல."

"படிக்காம எப்படிப்பா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. வகுப்புக்குப் போறேன், இப்போ கொஞ்சம் தெரியும். அப்போ தெரியாது."

ட்ரோல்ஸ் என்னை விட்டுவிட்டு யூட்டேயைப் பார்த்தான். அவன் பார்வையில் இருந்தது எனக்குப் புரிந்தது.

"இது நேத்து சாயங்காலம் சங்கத்துல பேசி வெச்சதா?" என்றான், அதே அதட்டாத குரலில். "முதலாளி வர்றதுக்கு முதல் நாள் பார்த்து?"

"நான் பேசி வெச்சிருந்தா இதைவிட நல்ல கதையா வெச்சிருப்பேன்," என்றாள் யூட்டே. "போய் உன் கம்ப்யூட்டரைப் பாருப்பா. வெர்னர் லீவு போட்ட நாள் எது?"

ட்ரோல்ஸ் கணினியைக் கொண்டுவந்து நின்றபடியே தேடினான். செப்டம்பர் கடைசியில் என் மைத்துனன் அடக்கத்துக்கு நான் போன திங்கட்கிழமை, என் இடத்தில் வேறொருவன் நின்றான். அதே பிரேபன், அதே வண்டி, அதே கிடங்கு. சரக்கு வராமல் நின்றது மூன்று நிமிடம். டைக்காக நின்றது முப்பத்தெட்டு.

ட்ரோல்ஸ் கணினியை மூடினான். அவன் மூன்று வாரமாக மேலே அனுப்பிய எண்ணெல்லாம் அவன் கழுத்தில் ஏறி நின்றது எனக்குத் தெரிந்தது. பிரேபன் பெயருக்கு நேரே இருந்த சிவப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பச்சையை ஒட்டவில்லை. "வண்டி விஷயம் நாளைக்கு வராது," என்றான். அவ்வளவுதான்.

அதோடு முடிந்திருக்கலாம். பிரேபன் அசையாமல் நின்றான்.

"தினமும் பேப்பர் படிப்பியே," என்றான்.

"பக்கம் திருப்பினேன்."

"இருபது வருஷமா?"

"ஆமா."

"கேட்டுக்கங்கப்பா. இருபது வருஷமா பக்கம் திருப்பினானாம்." அவன் எல்லோரையும் பார்த்துச் சொன்னான். "நான் எழுதினதுல தினமும் கையெழுத்துப் போட்டான். எனக்காகத் தொண்டை கிழியப் பேசினான். பின்னால போய் விரலை வெச்சான்."

யூட்டே நடுவில் புகுந்தாள். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பாள். "விடு பிரேபன். அவன் வகுப்புக்குப் போறான்னா பள்ளியில தாள் இருக்கும். ஏன் வெர்னர், இத்தனை வயசுல திடீர்னு படிக்கணும்னு என்ன வந்துது உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். பேத்திக்குக் கதை படித்துக் காட்ட என்று சொல்லியிருந்தால் எல்லோர் முகமும் இளகியிருக்கும். எனக்குப் பேத்தி இல்லை. தவிர, அன்று காலை பொய்யெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸுக்கு," என்றேன். "எழுத்துப் பரீட்சை இருக்குல்ல. முதுகு இனிமேல் தாங்காது."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த இருக்கை காலியானபோது நான் விண்ணப்பிக்கவில்லை. அது வேண்டியவனுக்குத்தான் போகும் என்று மாதக்கணக்கில் முணுமுணுத்தது எல்லோருக்கும் தெரியும். பிறகு வெளியிலிருந்து பிரேபன் வந்து உட்கார்ந்தான்.

பிரேபன் தலையை ஆட்டினான், ரொம்ப மெதுவாக. "ஆங்," என்றான். "இப்பதான் கணக்கு நேராச்சு."

அன்றிலிருந்து என்னிடம் காபி கேட்பவர் இல்லை. ட்ரோல்ஸ் ஒரு கடிதம் கொடுத்தான், எச்சரிக்கைக் கடிதம். எனக்கு வந்த கடிதத்தை நானே படித்தது அதுதான் முதல் தடவை. சமையலறை மேஜையில் வைத்து அரை மணி நேரம் படித்தேன். 'வேண்டுமென்றே' என்ற சொல் இருக்கிறதா என்று தேடினேன். 'கவனக்குறைவாக' என்றுதான் இருந்தது. பள்ளித் தாளையும் கொண்டுபோய்க் காட்டினேன். பிரேபன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "செப்டம்பர்ல சேர்ந்திருக்க. அப்ப அக்டோபர்ல நாலு எழுத்து தெரிஞ்சிருக்கும்," என்றான். நான்கு எழுத்து தெரியும்தான். அந்தக் கட்டத்தைப் பார்க்கத்தான் தெரியவில்லை.

போன வாரம் மூன்றாம் நம்பரில் சுருள் தீர்ந்து பிரஸ் நின்றது. பிரேபன் சரியான நேரத்துக்கு வந்தான். பித்தளைத் தகடுச் சுருள், வண்டியின் தூக்கும் இரும்பு முள்ளின் மேல், என் மார்பு உயரத்தில். இறக்கவில்லை. சுருளில் தொங்கிய சீட்டைப் பிய்த்து என்னிடம் நீட்டினான்.

"படி."

"இறக்கு பிரேபன். நிக்குது."

"படிச்சுக் காட்டு. இறக்குறேன்."

பக்கத்து பிரஸ்காரன் காதடைப்பைக் கழற்றிவிட்டு வேடிக்கை பார்த்தான். நான் படித்தேன். பித்தளை. அகலம் நாற்பது. தடிமன் ஒன்றரை. அடுத்து ஆலையின் பெயர், ஜெர்மன்காரர்களுடையது, ஒரு முழம் நீளம். அதில் நடுவில் மாட்டிக்கொண்டேன். முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"நல்லா நடிக்கிறடா," என்றான் பிரேபன்.

"நடிக்கல."

"சரளமா படிச்சிருந்தா மாட்டியிருப்ப. திக்கினா தப்பிச்ச. உனக்கு ரெண்டும் தெரியும்."

இரண்டு நிமிடம் தாண்டிவிட்டது. திரை பூட்டிக்கொண்டு எட்டுக் கட்டங்களைக் காட்டியது. பிரேபன் வண்டியின் இருக்கையிலிருந்தே எட்டிப் பார்த்தான்.

"அழுத்து. எதை அழுத்தறேன்னு நான் பார்க்கணும்."

கடைசிக் கட்டத்தை அழுத்தலாம், காரணம் தெரியாது என்று போகும். டை என்று அழுத்தலாம், அவன் பெயர் வெளியே வராது. இரண்டும் பொய். சுருள் இன்னும் காற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மேல் இடது கட்டத்துக்கு நேரே விரலை வைத்து, அவனுக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படித்தேன்.

"சரக்கு வரவில்லை."

பிரேபன் நெம்புகோலைத் தள்ளினான். சுருள் மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

"அதை மட்டும் தடங்கல் இல்லாம படிக்கிற," என்றான்.

நான் அழுத்தினேன். மறுநாள் பலகையில் நான்கு நிமிடம் என்று வந்தது. அந்த நான்கும் உண்மை.